தாத்தா பெட்டியில் ஒரு 'பாக்குவெட்டி': .32 தோட்டாவை வீட்டிலேயே வார்க்கலாமா?

உல்சூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். இங்கே பழைய கடிகாரம், கேமரா, வால்வு ரேடியோ பத்திப் பேசுறவங்கதான் அதிகம். நான் கேக்கப்போறது கொஞ்சம் வேற சமாச்சாரம். நெறியாளர் தூக்கினா தூக்கட்டும்.

எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல அஸே ஆபீஸ்ல, அதாவது தாதுல தங்கம் எவ்வளவுன்னு சோதிக்கிற இடத்துல, இருந்தவர். அங்கே இருந்த ஒரு துரை சீமைக்குக் கிளம்பறப்போ, முறையா லைசென்ஸ் போட்டு அவர்கிட்டே ஒரு ரிவால்வர் வாங்கினார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், .32 கேலிபர் (குழல் விட்டம், அங்குலத்துல), அஞ்சு குண்டு. நடுவுல மடக்கித் திறக்கணும். சுத்தியல் வெளியே தெரியாது. கைப்பிடிக்குப் பின்னால ஒரு பட்டை இருக்கு, உள்ளங்கை அதை அழுத்தினாத்தான் விசை இழுபடும். தாத்தாவுக்கு அப்புறம் அப்பா பேருக்கு மாறிச்சு. அப்பா போன தை மாசம் தவறிட்டார். துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடையில பத்திரத்துக்கு ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டேன். வாரிசு லைசென்ஸுக்குக் கமிஷனர் ஆபீஸ்ல விண்ணப்பமும் கொடுத்தாச்சு.

இன்னிக்குப் பரணை ஒழிச்சேன். 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினப்போ குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு வந்த தகரப்பெட்டி ஒண்ணு, அன்னிக்கு மேலே ஏத்தினதை யாருமே இறக்கலை. உள்ளே சாக்குத்துணியில சுத்தின பதினோரு தோட்டா, எல்லாம் பச்சை பூத்திருக்கு. பித்தளை எடைக்கல் பெட்டி ஒண்ணு. அப்புறம் கனமா ஒரு இரும்புச் சாமான். ரெண்டு கைப்பிடி, அச்சு அசல் பாக்குவெட்டி. ஆனா முனையில கத்திக்குப் பதிலா ரெண்டு இரும்புக் கட்டி சேர்ந்து மூடுது, நடுவுல சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குழி. மேலே 'ஐடியல்', 'நியூ ஹேவன்', '32'ன்னு குத்தியிருக்கு. 86 வயசுப் பாட்டி அதைப் பாத்ததும், "இதையா இத்தனை வருஷமா தேடினேன், குடுடா"ன்னு மடியில வெச்சுக்கிட்டாங்க.

கடைக்காரர்கிட்டே தோட்டா கேட்டா, "இதுக்கெல்லாம் இப்போ வர்றதில்லை சார், 7.65 போட்டுப் பாருங்க, போகும்"ங்கிறார். யூடியூப்ல அமெரிக்கப் பெரியவங்க கார் ஷெட்டுல ஈயத்தை உருக்கி ஊத்தி, இட்லி எடுக்கிற மாதிரி குண்டு எடுக்கிறாங்க. அச்சு நம்ம வீட்டிலேயே இருக்கு. ஈயம் நம்ம பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகள்ல கிடைக்காதா என்ன? நாமே வார்த்துக்கலாமா?

டெக்சாஸ்_தம்பி | ஞாயிறு, இரவு 11:15

அண்ணே, முதல்ல அந்தப் பாக்குவெட்டியைப் பாட்டிகிட்டே இருந்து வாங்குங்க, அது பொக்கிஷம்! ஜான் பார்லோன்னு ஒருத்தர் 1884-ல ஐடியல் கம்பெனியை ஆரம்பிச்சார். 1925-ல அதை லைமன் வாங்கிட்டாங்க, இன்னிக்கும் அச்சு விக்கிறாங்க. ஒரே கருவியில குண்டு வார்க்கிறது, பழைய கேப்பை (மருந்தைப் பத்தவைக்கிற குட்டி மூடி) தள்ளுறது, புதுக் குண்டைப் பித்தளை உறையில அழுத்துறதுன்னு எல்லா வேலையும் முடியும். கடைச்சரக்கு வரதுக்கே மாசக்கணக்கு ஆன ஊர்ல பண்ணைக்காரன் வேற என்ன செய்வான்?

நானும் பெங்களூரு பி.டி.எம். லேஅவுட் பையன், இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். வாரக்கடைசியில இதே வேலைதான். உருகின ஈயத்து மேல ஆடை கட்டும், பால் மாதிரி. அதை ஒதுக்கிட்டு அச்சுல ஊத்தணும். மேலே தேங்கி நிக்கிற சொட்டு பளபளன்னு இருக்கும். அது மங்கி வெளுக்குற நொடியைக் கண்ணால பிடிக்கணும். அப்போ மேல்தகட்டைத் தட்டினா வால் அறுந்துடும், அச்சைத் திறந்தா குண்டு துண்டுமேல விழும். அச்சு ஆறியிருந்தா குண்டு கிழவி கன்னம் மாதிரி சுருங்கி வரும். சூடு ஏறிப்போனா உறைபனி படிஞ்ச மாதிரி வெளுத்து வரும். முதல் பத்து இருபதைத் திரும்பப் பானையிலேயே போட்டுடுவோம்.

உங்க துப்பாக்கிக்கு இங்கேயே தோட்டா ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவைதான் வருது. அதனாலதான் பழைய சின்ன கேலிபர் வெச்சிருக்கிறவன் எல்லாம் வார்க்கிறான். செலவுக்காக இல்லை, வேற வழி இல்லாம.

கறுப்புக்கோட்டு | திங்கள், காலை 7:05

உல்சூர்க்காரரே, இந்த இழையைப் படித்துவிட்டுக் காபி ஆறிப்போனது. தம்பி சொல்வது டெக்சாஸுக்குச் சரி. நீங்கள் இருப்பது பெங்களூரு.

1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பு உரிமம் இல்லாமல் தோட்டா செய்யக் கூடாது. நீங்கள் விண்ணப்பித்திருப்பது வைத்துக்கொள்வதற்கான உரிமம். அது 3-ஆம் பிரிவு. இரண்டும் வேறு. வைத்துக்கொள்ளும் உரிமம் கையில் இருந்தாலும் ஒரே ஒரு தோட்டாவைக்கூட வீட்டில் செய்ய அது இடம் தராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத தயாரிப்புக்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அதற்கு முன்பு 3 முதல் 7 ஆண்டு வரைதான் இருந்தது.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. சட்டம் 'தோட்டா' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தில், தோட்டாவின் பாகங்களும் தோட்டா செய்யும் இயந்திர சாதனங்களும் அடங்கும். பாட்டி மடியில் இருக்கும் பாக்குவெட்டி, சட்டத்தின் கண்ணில் தோட்டா ஆகிவிடலாம்.

இடையில் யாராவது "நூறு வருஷப் பழசு, ஆண்டிக், விலக்கு உண்டு" என்று சொல்வார்கள். 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான் அது. உங்களுடையதைச் சுட முடியும் என்று நினைத்துத்தானே தோட்டா தேடுகிறீர்கள்.

ஓசூர்_ஓரம் | திங்கள், காலை 8:30

பாட்டி பாக்கு வெட்டினதுக்கு ஆயுளா! குரு, பேசாம பாட்டியோட ஈயச்சொம்பையும் சேத்து உருக்கிடுங்க, ரசமும் போச்சு ரிவால்வரும் போச்சு.

உலைக்களம் | திங்கள், காலை 10:20

சொம்பு என்று விளையாட்டாகச் சொன்னாலும் அதை நிஜமாகவே செய்கிறவர்கள் உண்டு, அதனால் எழுதுகிறேன். பீன்யாவில் வார்ப்படப் பட்டறைகளில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டினவன் நான்.

நம் மொழியில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்தைச் சுமக்கிறது. ரசச்சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். அதனால்தான் ரசம் ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிப்போகும். துப்பாக்கிக் குண்டு காரீயம், 327 டிகிரி. காரீயம் விஷம். சொம்பு என்ற பெயரில் காரீயம் கலந்து விற்கிறவனும் இருக்கிறான், அது தனிச் சண்டை. காரீயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நன்றாக ஓடி நிரம்பும். ஆன்டிமனி சேர்த்தால் கெட்டிப்படும். அந்தக் காலத்து லைனோடைப் அச்செழுத்து உலோகம் இந்த மூன்றின் கலவைதான்: காரீயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4. வெளிநாட்டில் அச்சகங்கள் மூடியபோது குண்டு வார்ப்பவர்கள் அந்த எழுத்துகளைத் தேடித்தேடி வாங்கினார்கள்.

உங்கள் தாத்தாவுக்கு இதெல்லாம் கைவந்த வேலையாக இருந்திருக்கும். அஸே என்றால் தங்கத்தை ஈயத்தில் பிடிப்பதுதானே. தாதுப்பொடியோடு ஈய ஆக்சைடைக் கலந்து உலையில் வைத்தால், உருகி இறங்கும் ஈயம் தங்கத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் பொத்தானாக உட்காரும். அதை எலும்புச்சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் கிண்ணம் ஈயத்தைக் குடித்துவிடும், கடைசியில் கடுகளவு தங்கமணி நிற்கும். தினமும் ஈயத்தோடு புழங்கியவர், ஞாயிற்றுக்கிழமை நாலு குண்டு வார்த்திருப்பார்.

ஆனால் ஃப்ளாட் பால்கனியில் இதைச் செய்யலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பட்டறையில் ஈரக் கரண்டியை ஒரு பையன் ஈயப்பானையில் விட்டான். ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் போதும், ஈயத்துக்குக் கீழே போய் நீராவியாக வெடித்து, பானையில் பாதி கூரைக்குப் போய்விடும். அவன் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. உருகிய ஈயத்தின் மேல் கட்டும் ஆடையை ஒதுக்கும்போது பறக்கும் ஈயப்பொடி அதைவிட மோசம். கையில், லுங்கியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, தவழுகிற குழந்தையின் வாய்க்குப் போகும். 2000-ல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தது எதற்காக என்று யோசியுங்கள்.

பத்துமீட்டர் | திங்கள், மதியம் 1:45

சட்டம், உலோகம் ரெண்டும் பேசியாச்சு. எனக்கு வயித்தைக் கலக்கினது கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வரி. "7.65 போகும்." அண்ணா, தயவுசெஞ்சு போடாதீங்க. நான் சுடுதல் போட்டிகளுக்குப் போறவ, இதை விளக்கமாவே சொல்றேன்.

.32ன்னு ஒரே பேர்ல குறைஞ்சது மூணு தோட்டா உலவுது. உங்க துப்பாக்கிக்கு உள்ளது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 1878-ல வந்தது, பழைய கறுப்பு வெடிமருந்துக் காலத்துச் சரக்கு. உறை 15 மில்லிமீட்டர் சொச்சம். அடுத்தது .32 லாங், 1896. உறை 23 மில்லிமீட்டர். கான்பூர்ல செய்யிற .32 ரிவால்வருக்கு இதுதான், கடைகள்ல கிடைக்கிற நம்ம ஊர்த் தோட்டாவும் இதுதான். நீளம் அதிகம், உங்க அறையில உக்காராது. மூணாவது 7.65, அதாவது .32 ஆட்டோ. பிரௌனிங் 1899-ல ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்குன்னே செஞ்சது. உறை 17 மில்லிமீட்டர்தான், விளிம்பும் லேசா வெளியே நீட்டியிருக்கும். அதனால பழைய மடக்கு ரிவால்வர் பலதுல அழகா உள்ளே போய் உக்காந்துக்கும். வினையே அதுதான். .32 லாங்குக்கு அமெரிக்கத் தர அமைப்பு வெச்ச அழுத்த உச்சவரம்பு 15,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .32 ஆட்டோவுக்கு 20,500. கறுப்பு மருந்தை நம்பிச் செஞ்ச மடக்குக் கொக்கி அதைத் தாங்கணும்னு யார் தலையில எழுதியிருக்கு? முதல் தடவை தாங்கிடலாம். அதனாலதான் "போகும்"னு சொல்றாங்க.

வார்க்கிறதைப் பத்தியும் ஒண்ணு. குண்டு வார்க்கிறது இதுல பாதி வேலைகூட இல்லை. சின்ன உறையில மருந்து ரொம்பக் கொஞ்சமாத்தான் போகும். கிரெய்ன் கணக்குல நிறுக்கணும், ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம். மருந்து விட்டுப்போனாலோ ரொம்பக் குறைஞ்சாலோ குண்டு குழல் நடுவுலயே நின்னுடும், 'டப்'னு சின்னச் சத்தம்தான் கேக்கும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வீங்கும், இல்லேன்னா கிழியும். ரெண்டு தடவை மருந்து விழுந்தா சிலிண்டர் போச்சு, விரலும் போச்சு. ஒரு அளவு மருந்தே உறையில பாதிக்கு மேல நிரம்பும்னா ரெண்டு மடங்கு பொங்கி வழிஞ்சு காட்டிக்கொடுக்கும். பாதிக்குக் கீழே நின்னா அந்த எச்சரிக்கை கிடைக்காது.

நகரத்பேட்டை | திங்கள், மாலை 6:10

இடையில ஒரு சின்ன விஷயம். 65 மில்லிகிராம்னா எங்க நகைத் தொழில்ல அரைக் குண்டுமணிக்குப் பக்கம். நாலு நெல்லெடை ஒரு குண்டுமணி, அப்போ கிரெய்ன்னா ரெண்டு நெல்லெடை. வெள்ளைக்காரன் வாற்கோதுமையை வெச்சு நிறுத்தான், நாம நெல்லை வெச்சு நிறுத்தோம். அந்த எடைக்கல் பெட்டியை வித்துடாதீங்க சார். அஸே ஆபீஸ் கல்லுன்னா துல்லியம் அப்படி இருக்கும்.

டெக்சாஸ்_தம்பி | திங்கள், இரவு 10:50

அக்கா சொன்னதுல எனக்கு மறுப்பே இல்லை. நானே ஒரு தடவை குழல்ல குண்டு சிக்கி, மரக்குச்சி வெச்சுத் தட்டி எடுத்திருக்கேன். அதை நேத்து எழுதாம விட்டது என் தப்பு.

ஆனா வக்கீல் சார், ஒரு நியாயம் கேக்கணும். துப்பாக்கி சட்டப்படி வெச்சுக்கலாம், அதுக்குத் தோட்டா நாட்டுல இல்லை, செஞ்சுக்கவும் கூடாது. அப்போ அது துப்பாக்கியா, பேப்பர் வெயிட்டா? பக்கத்துல குடகுல லைசென்ஸே இல்லாம வெச்சிருக்காங்களே?

மடிகேரி_மாப்ள | செவ்வாய், காலை 6:55

குடகுன்னு எடுத்தாலே எங்களை இழுக்காம இருக்க மாட்டீங்களா? என் மாமியார் வீடு கொடவர் வீடு. கைல்பொளுது அன்னிக்குத் துப்பாக்கியைப் பூ வெச்சுக் கும்பிடுற குடும்பம். விலக்கு கொடவருக்கும் ஜம்மா நிலம் (பரம்பரை உரிமை நிலம்) உள்ளவங்களுக்கும் பிரிட்டிஷ் காலத்துல இருந்து இருக்கு. 2019-ல பத்து வருஷத்துக்கு நீட்டிச்சாங்க. அது வெச்சுக்கறதுக்கு. வீட்டுல தோட்டாத் தொழிற்சாலை வைக்கிறதுக்கு இல்லை. எங்க மாமனாரும் கடையிலதான் வாங்குறார், விலையைப் பாத்துக் கடைக்காரனைத் திட்டிக்கிட்டே.

கறுப்புக்கோட்டு | செவ்வாய், காலை 9:15

தம்பி, பேப்பர் வெயிட்தான். ஒத்துக்கொள்கிறேன். .38, .455, 9 மில்லிமீட்டர் எல்லாம் படையும் போலீசும் பயன்படுத்திய அளவுகள். இப்படிப்பட்டவை மக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய கோட்டை நாமும் அழிக்கவில்லை. அதனால்தான் இந்தியாவில் கைத்துப்பாக்கி என்றாலே .32 என்றானது. கான்பூர்க்காரர்கள் வெப்லி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் .38 வடிவத்தை எடுத்து .32 ஆக்கியதும் அதனால்தான். அந்தக் கோட்டுக்குள்ளேயே உல்சூர்க்காரரின் தோட்டா அனாதையாகிவிட்டது. சட்டத்தில் இருக்கும் இடைவெளி இது. அதை அவர் பரணில் உட்கார்ந்து நிரப்பினால் உள்ளே போவது அவர்.

இப்போது அவசர விஷயம் அந்தப் பதினோரு தோட்டாக்கள். அப்பாவின் உரிமம் அப்பாவோடு முடிந்தது. பையில் தெரியாமல் கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் மாட்டியவர்களுக்கு நீதிமன்றங்கள் பலமுறை இரக்கம் காட்டியிருக்கின்றன, அறிந்து வைத்திருக்கவில்லை என்பதால். நீங்களோ எண்ணிக்கையோடு பொதுவெளியில் எழுதிவிட்டீர்கள்! 21-ஆம் பிரிவு, உரிமை முடிந்ததும் தாமதிக்காமல் ஒப்படைக்கச் சொல்கிறது. அப்பாவின் உரிம நகல், இறப்புச் சான்றிதழ், கடை ரசீது, இத்துடன் ஒரு கடிதம். எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி, முதலில் கடிதத்தை மட்டும் ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறிவிடாதீர்கள், ஸ்கேனரில் பெரிய கச்சேரி ஆகிவிடும். அச்சையும் கடிதத்தில் சேருங்கள்.

உலைக்களம் | செவ்வாய், காலை 11:40

அந்தத் தோட்டாக்களைத் துடைக்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம். பச்சை மட்டும் என்றால் பரவாயில்லை. உறையின் கழுத்தில் மயிரிழை மாதிரி விரிசல் இருக்கிறதா என்று தொடாமல் பாருங்கள். அதற்குப் பின்னால் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் படை இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் தானாகவே விரிசல் விட்டிருந்தன. காரணம் வெகுநாள் பிடிபடவில்லை. 1921-ல்தான் தெளிந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், உறையை இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. உறையைச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்தியதும் வியாதி நின்றது. இன்றும் உலோகவியல் வகுப்பில் இந்த லாயத்தைச் சொல்லாமல் பாடம் முடியாது.

துப்பாக்கிக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து வெடிகேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் குழலில் தங்குவது கிட்டத்தட்ட உப்பு. காற்றிலிருந்து ஈரம் இழுத்துத் துருவாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கடையில் வைத்திருப்பவரிடம் குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உல்சூர்க்காரன் | சனி, மாலை 5:30

எல்லாருக்கும் நன்றி. சாய்ந்தரம்தான் எல்லாம் முடிஞ்சு வந்தேன்.

புதன்கிழமை கடிதம் கொடுத்தேன். முதல்ல "ஏன் இப்போ?"ன்னு ஒரு மணி நேரம் உக்கார வெச்சாங்க. அப்புறம் ஒரு எஸ்.ஐ. நிதானமாப் படிச்சுட்டு, இன்னிக்குக் காலையில ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார். விரிசல் பாத்தேன் உலைக்களம் சார், பதினொண்ணுல நாலுல இருந்துச்சு. ஒண்ணுல குண்டையே லேசா ஆட்ட முடியும்போல இருந்துச்சு, ஆட்டலை.

7.65 யோசனை சொன்ன கடைக்குப் போய் துப்பாக்கியை வேற கடைக்கு மாத்திட்டேன். அவருக்குக் கோபம். "நாப்பது வருஷ அனுபவம் எனக்கு"ன்னார். அதுக்கு என்னால பதில் சொல்ல முடியலை, ரசீதை மட்டும் மாத்தி வாங்கினேன். புதுக் கடையில விளக்கடிச்சுப் பாத்தாங்க. குழல் வாய்ப்பக்கம் குழிக்குழியாத் துரு, தாத்தா எண்ணெய் மட்டும்தான் போட்டிருக்கார்போல. லைசென்ஸ் வந்தா பேப்பர் வெயிட்டாவே வெச்சுக்கறேன் தம்பி.

எடைக்கல் பெட்டி என்கிட்டேதான் இருக்கு. ரெண்டு கல் காணோம்.

அச்சைக் கொடுக்கிறப்போதான் கூத்து. பாட்டி மடியை விட்டு எடுக்கவே விடலை. கடைசியில வந்த போலீஸ்காரரே, "அஜ்ஜி, ஸ்வல்ப கொடி" (பாட்டி, கொஞ்சம் குடுங்க)ன்னு கெஞ்சி வாங்கினார். ரசீது எழுத உக்காந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். தோட்டா அச்சுன்னு சொன்னேன், அவர் மனசுக்கு ஒப்பலை. அச்சுன்னா எதுக்குக் கைப்பிடின்னு என்னையே கேட்டார். ரொம்ப நேரம் யோசிச்சுட்டுக் கன்னடத்துல எழுதி முத்திரை குத்திக் கையில கொடுத்தார்: பழைய தோட்டா 11, 'அடகத்தரி' போன்ற இரும்புக் கருவி 1.

பாட்டிக்குக் கன்னடம் நல்லாவே வாசிக்கத் தெரியும். கண்ணாடி போட்டுட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. "பாத்தியா, சர்க்கார் காகிதத்துலயே போட்டுட்டான் பாக்குவெட்டின்னு. எப்போ திருப்பிக் குடுப்பான்?"